உறுமுகிற டப்பா

கத்துவதுதான் என் பிழைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனும் பிழைக்க மாட்டான், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரும் பிழைக்க மாட்டார், எதிரே சிவனே என்று சைக்கிளில் வருகிறவர் பாடும் திண்டாட்டம்தான். "கிளட்ச்சை விடுங்க, மெதுவா, மெதுவான்னா மெதுவா" என்று நான் போட்ட சத்தத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் அதிகம் மிதித்ததில்லை. தொண்டையே போதுமானதாக இருந்தது.

அந்தத் தொண்டையில்தான் வந்தது வினை. குரல்வளையில் கட்டி. மருந்துக்குக் கரையாது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்றார் டாக்டர். "குரலை விட்டுட்டு மத்ததை எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி மேஜைக்கு அடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரலை நிறையப் பதிவு பண்ணிக் குடுங்க சார். அதை வச்சு போன்ல ஒரு ஆப் செஞ்சு தரலாம். நீங்க டைப் பண்ணினா உங்க குரல்லேயே பேசும். ஒண்ணு மட்டும் கவனம். அறையில சத்தமே இருக்கக் கூடாது. ஃபேன் சத்தம் இருந்தாக்கூட உங்க குரலோட அதுவும் ஒட்டிக்கும்."

பதிவு செய்கிற பொறுப்பை என் மச்சினன் எடுத்துக்கொண்டான். மனைவியின் தம்பி. மருந்துக்கடை வைத்திருக்கிறான், எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். மருந்துக்கடைக்காரன் என்பதால் எதைப் பார்த்தாலும் லேபிள் ஒட்டுவான். மாடி அறையில் சுவிட்சுக்கு லேபிள், இழுப்பறைக்கு லேபிள், சாவிக்கு லேபிள். கல்யாணத்தன்று இவன் தன் மனைவியாகப் போகிறவளுக்கும் ஒன்று ஒட்டுவான் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறான் போலிருக்கிறது.

அவனுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் கணினி. அதுவும் ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் மாதிரி இல்லை. பென்குயின் படம் போட்ட லினக்ஸ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதாவது தட்டிக்கொண்டே இருப்பான். கணினிக்குள் சின்னதாக ஒரு டிஸ்க். அது போதாதென்று வெளியே ஒரு பெரிய டிஸ்க், இரும்பு டப்பாவுக்குள், தனி ஒயர், தனி சுவிட்ச். அந்த டப்பா நாள் பூராவும் உர்ரென்று உறுமும். படங்கள், கடைக் கணக்கு, வீட்டுக் காகிதங்களின் நகல் என்று எல்லாம் அதில்தான். அதன் சுவிட்சில் 'எப்போதும் ஆன், தொடாதீர்கள்' என்று லேபிள் ஒட்டியிருந்தது.

முதல் நாள் ஒத்திகையாக ஒரே ஒரு வாக்கியம் பதிவு செய்து மேடத்துக்கு அனுப்பினோம். "நாளைக்கு மழை வந்தாலும் வரலாம்." அவர் கேட்டுவிட்டு, குரல் நன்றாக இருக்கிறது, பின்னால் ஏதோ இரைகிறது, அதை நிறுத்துங்கள் என்றார்.

மறுநாளிலிருந்து என் மனைவி அந்த வேலையைக் கையில் எடுத்தாள். மச்சினன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு வருவான். அவன் வருவதற்குள் இவள் வீட்டில் சத்தம் போடும் பொருட்களை எல்லாம் ஒரு வழி செய்துவிடுவாள். ஃபேன் நிற்கும். ஃபிரிட்ஜ் நிற்கும். சுவர்க் கடிகாரம் துணியில் சுற்றப்பட்டு பீரோவுக்குள் போகும். பக்கத்து வீட்டுத் தச்சரிடம் போய், "அண்ணே, கொஞ்ச நேரம் சுத்தியலைக் கீழ வைங்க, அவர் பேசி முடிச்சிடட்டும்" என்று சொல்லிவிட்டு வருவாள். அந்தத் தச்சரும் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவரைத் திட்டாத திட்டு இல்லை.

மச்சினன் மாடி அறையில் கணினியைப் போடுவான், முடிந்ததும் அணைத்துவிட்டுக் கடைக்குப் போவான். மேடம் கொடுத்தனுப்பிய வாக்கியங்களை நான் படிப்பேன். நாக்கு குளறும், எரிச்சல் வரும், "யார்டா இந்த வாக்கியத்தை எல்லாம் எழுதினது, மனுஷன் பேசற மாதிரியா இருக்கு" என்பேன். அதுவும் பதிவாகும். "பரவாயில்ல அத்தான், இன்னொரு தடவை" என்பான் அவன். எத்தனை முறை தவறினாலும் அதே குரலில் அதே வார்த்தை. நானாக இருந்தால் மூன்றாவது தடவையிலேயே வண்டியை ஓரங்கட்டி இறக்கிவிட்டிருப்பேன்.

கடைசி நாள் வாக்கியங்கள் தீர்ந்த பிறகு, "உங்க இஷ்டத்துக்கு எதாவது பேசுங்க" என்றான். நான் மனைவியைக் கூப்பிட்டேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய், எங்க இருக்க?" அவ்வளவுதான் வழக்கம். அவள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். பதில் சொன்னால் பதிவில் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் தங்கியது. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, கையில் எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர். கோபத்தை எழுதிக் காட்டுவது போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது. எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது, ஆறிய கோபத்தை மெனக்கெட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மார்க்கர்களை முனை நசுக்கியே தீர்த்தேன். மனைவியைக் கூப்பிடக் கை தட்டுவேன். அவள் ஓடி வருவாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நான் கூப்பிட்டால், "இங்கதான் இருக்கேன், காணாமலா போயிட்டேன்?" என்று இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுப்பவள் அவள். கை தட்டினால் மட்டும் பதறிக்கொண்டு வந்தாள்.

புண் ஆறியதும் மேடம் பதிவுகளை அனுப்பச் சொன்னார். மச்சினன் மாடிக்குப் போனான். போனவன் வெகுநேரம் கீழே வரவில்லை. நான் மேலே போய்ப் பார்த்தபோது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், ஃபோல்டர் இருக்கு. உள்ள அந்த முதல் நாள் பதிவு மட்டும்தான் இருக்கு. மத்தது எதுவும் இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன். சத்தம் வரவில்லை. கழுத்துத் துளை வழியாகக் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. அப்போதுதான், குரல் போய்விட்டது என்பதை நான் உண்மையாகவே உணர்ந்தேன். ஆபரேஷன் அன்றுகூட அப்படி உணரவில்லை. எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம் என்ற தெம்பு இருந்தது. இனி மறுபடி பதிவு செய்ய எதுவும் இல்லை. போனது போனதுதான்.

பலகையில், 'உன்னை நம்பினேனே' என்று எழுதி அவன் மடியில் போட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் வீடு வீடாக இல்லை. அழிந்துபோன ஃபைல்களை மீட்கும் புரோகிராம் ஒன்றைப் பெரிய டிஸ்கின் மேல் ஏவிவிட்டு மச்சினன் காவல் இருந்தான். அது எந்தக் காலத்திலோ அழித்த படங்களை எல்லாம் தோண்டி எடுத்தது. என் கல்யாணப் படம் வந்தது. கடைக்கு வந்த பில் வந்தது. நான் தொப்பை தெரிய வண்டிமேல் சாய்ந்து நிற்கும் படம்கூட வந்தது. என் குரல் மட்டும் வரவில்லை. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியாமல் இல்லை.

மிஞ்சிய அந்த ஒரே வாக்கியத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். "நாளைக்கு மழை வந்தாலும் வரலாம்." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். உலகத்தில் எனக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான், மழையைப் பற்றி ஒரு சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கீழே வந்தான். டிஸ்கைக் கழற்றி வெளியூரில் இதற்கென்றே இருக்கும் ஒரு கடைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான்.  என் போனில் அந்த வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போகத் திரும்பியவன் நின்றான்.

"அத்தான், அதை இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன்.

"பின்னாடி உர்ருன்னு கேக்குது பாருங்க. அது என் டப்பா. மேடம் அதைத்தான் இரையுதுன்னு சொன்னாங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்புறம் எடுத்ததையெல்லாம் நான் அன்னன்னிக்குப் போட்டுக் கேட்டேன். இரைச்சலே இல்ல. ஃபேன் நின்னுச்சு, ஃபிரிட்ஜ் நின்னுச்சு, சரி. என் டப்பா எப்படி சத்தம் போடாம இருந்துச்சு?"

எனக்கு எங்கே தெரியும்? தோளைக் குலுக்கினேன்.

"இன்னொண்ணு. கணினிக்குள்ள இருக்கற சின்ன டிஸ்க்ல இடம் இல்லைன்னு ரொம்ப நாளா முனகிட்டே இருக்கு. உள்ள இருக்கற ஃபைலையெல்லாம் கூட்டிப் பாத்தா பாதிகூட வரல. மொத்த டிஸ்கைக் கேட்டா நிறைஞ்சு போச்சுங்குது. கடையில ஸ்டாக் இப்படி உதைச்சா, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு பெட்டி இருக்குன்னு அர்த்தம்." சமையலறைப் பக்கம் திரும்பினான். "அக்கா, கொஞ்சம் வாயேன்."

அவள் கையில் கரண்டியோடு வந்தாள்.

"அத்தான் பேசறப்ப என் ரூம்ல எதையெல்லாம் நிறுத்துன?"

"ஃபேனு. அப்புறம் அந்த உறுமுற டப்பா."

"அது எப்பவும் ஆன், தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கேனே."

"அதான் சுவிட்சை நான் தொடவே இல்லையே. பின்னாடி ஒயரைத்தான் புடுங்கினேன். நீ கடைக்குத் திரும்பிப் போனதும் மறுபடி சொருகி வச்சிடுவேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "என்னாச்சு? அதனாலதான் போச்சா? நான்தான் கெடுத்தேனா?"

 மச்சினன் எழுந்து அக்காவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ கெடுக்கல அக்கா. பேசாம மேல வா. ரெண்டு பேரும் வாங்க."

மாடிப்படி ஏறும்போதே விளக்கினான். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அவன் கணினியில் ஒரு டிஸ்கைச் சொருகினால் மட்டும் போதாதாம். ஒரு காலி ஃபோல்டரின் மேல் அதை ஏற்றி வைக்க வேண்டும். மவுண்ட் என்று அதற்குப் பெயர். ஏற்றிய பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்தால் தெரிவது டிஸ்கில் இருப்பதுதான். ஏற்றாவிட்டால் அந்த ஃபோல்டர் சின்ன டிஸ்கில் கிடக்கும் வெறும் ஃபோல்டர். முன்பு ஒரு தடவை பெரிய டிஸ்க் தகராறு செய்து, அது இல்லாமல் கணினியே கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறது. அதனால் இவன், 'டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்குக் கிளம்பு' என்று அதற்கு எழுதி வைத்திருக்கிறான். பதிவு செய்யும் புரோகிராமுக்கு, 'குரல் ஃபோல்டர் இல்லாவிட்டால் நீயே ஒன்று செய்துகொள்' என்றும் எழுதி வைத்திருக்கிறான். இவள் ஒயரைப் பிடுங்கிய ஒவ்வொரு மத்தியானமும் இரண்டும் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டிருக்கின்றன. ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் என் குரலைச் சின்ன டிஸ்கின் வெறும் ஃபோல்டரில் போட்டிருக்கின்றன. பிறகு, ஒயர் சொருகியிருக்கும்போது கணினியைப் போட்டதும், பெரிய டிஸ்க் வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அப்ப அடியில இருக்கறது?" என்று கேட்டாள் அவள்.

"மறைஞ்சிருக்கும். அழியாது. இருக்கணும்." அந்த 'இருக்கணும்' என்ற சொல்லில் என் உயிர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவன் டிஸ்கை இறக்கும் கட்டளையைத் தட்டினான். முடியாது என்றது கணினி. அந்த இடம் உபயோகத்தில் இருக்கிறதாம்.

மீட்கும் புரோகிராமை நிறுத்தினான். மறுபடி தட்டினான். மறுபடியும் அதே பதில். திரையில் திறந்திருந்த படம் பார்க்கும் ஜன்னலை மூடினான். அதே பதில்.  ஓட்டத் தெரியாதவனை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகும்போதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. அங்கே இல்லாத பிரேக்கைத் தேடிக் கால் தானாகத் தரையை மிதித்தது.

டிஸ்கை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கணினியையே கேட்டான். ஒரே ஒரு வரி வந்தது. படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான் அத்தான். இந்தக் கறுப்புத் திரையிலேயே நான் அந்த டிஸ்குக்கு உள்ளதான் நின்னுட்டிருக்கேன். அங்க போய்த் தேட ஆரம்பிச்சவன் வெளியவே வரல. பாய் மேல நின்னுகிட்டே பாயைச் சுருட்டப் பாத்திருக்கேன்."

வெளியே வரும் கட்டளையைத் தட்டினான். பிறகு இறக்கும் கட்டளை. இந்த முறை கணினி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல சேதி என்று அர்த்தமாம், இவன் சங்காத்தம் எல்லாமே அப்படித்தான்.

ஃபோல்டரைத் திறந்தான். படங்கள் இல்லை, கடைக் கணக்கு இல்லை. 'குரல்' என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் திறந்தான். திரை நிறைய வரிசை வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டான்.

"கதவைச் சாத்திட்டு வாங்க, காத்து அடிக்குது" என்றேன் நான், என் குரலில். சற்று இடைவெளி. "யார்டா இந்த வாக்கியத்தை எல்லாம் எழுதினது?" என்றேன். "பரவாயில்ல அத்தான், இன்னொரு தடவை" என்றான் அவன். பின்னால் ஒரு சத்தம் கிடையாது. ஃபேன் இல்லை, கடிகாரம் இல்லை, தச்சரின் சுத்தியல் இல்லை, டப்பா இல்லை.

என் மனைவி கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சினன் முதல் வேலையாகப் பதிவுகளை மூன்று இடத்தில் நகல் எடுத்தான், ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினான். நான் அவன் லேபிள்களைக் கிண்டல் செய்வதை அன்றோடு விட்டுவிட்டேன். 'உன்னை நம்பினேனே' என்று எழுதிக் கொடுத்த பலகை, நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்ட பிறகும், அவன் மேஜையிலேயே கிடந்தது. இத்தனை நாளும் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறான். நான் அதை எடுத்து, கடைசி எழுத்துகளை விரலால் துடைத்து, 'உன்னை நம்புறேன்' என்று திருத்தி அவனிடமே கொடுத்தேன். எனக்கு நன்றி சொல்லி வழக்கமில்லை. அவனைக் கட்டிக்கொண்டேன். மருந்து வாடை அடித்தது. சொல்ல முடியாத அளவு நன்றியாக இருந்தது, நிஜமாகவே சொல்ல முடியாமலும் இருந்தது.

பதிவுகளைக் கேட்டுவிட்டு மேடம் போன் செய்தார். இவ்வளவு சுத்தமான பதிவு வீட்டில் எடுத்து வந்து யாரும் கொடுத்ததில்லை, ஸ்டூடியோவிலா எடுத்தீர்கள் என்று கேட்டார். "இல்ல மேடம், என் அக்காதான் சவுண்ட் இன்ஜினியர்" என்றான் மச்சினன். அவன் ஜோக் அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆப் தயாராகிப் போனுக்கு வந்து சேர்ந்த அன்று மச்சினன் கடையில் இருந்தான். முதலில் அவனுக்குத்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். நிறைய இருந்தது, ஒரு திட்டும் இல்லை. ஆனால் வீட்டில் மனைவி மட்டும்தான் இருந்தாள், கொல்லைப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போனின் சத்தத்தை முழுதாக வைத்தேன். டைப் செய்தேன். அழுத்தினேன்.

"ஏய், எங்க இருக்க?"

"இங்கதான் இருக்கேன், காணாமலா போயிட்டேன்?" என்று கொல்லையிலிருந்து பதில் வந்தது, அதே பழைய சலிப்போடு. துணி தப்பும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு நின்றது. குழாயை மூடும் சத்தம் கேட்டது.

அவள் கதவருகில் வந்து நின்றாள். கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். நான் அடுத்ததை டைப் செய்யத் தொடங்கியிருந்தேன். நீ அந்த ஒயரைப் பிடுங்கினாயே, அதற்குக் கைம்மாறாக நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஏதோ. அவள் தலையை அசைத்து அதை நிறுத்தினாள்.

"அது இருக்கட்டும்ங்க" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். அவள் அங்கேயே நின்றபடி, எனக்கு எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு, "இங்கதான் இருக்கேன்" என்று சொன்னாள்.